ஒரு கூரை, பல வாசல்கள்

ராயபுரம் என்று முகவரி எழுதும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு பின்குறிப்பு தேவைப்படுகிறது. 1856இல் திறக்கப்பட்ட ரயில் நிலையத்தால் பெயர்பெற்ற சென்னை ராயபுரம் அன்று இது. பனியன் கம்பெனிகளும் குடியிருப்புகளும் கலந்து கிடக்கும் திருப்பூர் ராயபுரம். வெளியூர் நண்பர்களுக்கு இருக்கும் இந்தக் குழப்பம் தபால்காரருக்கு இல்லை. உறையின்மேல் கதவிலக்கம், தெரு, ராயபுரம், திருப்பூர் என்று சிறியதிலிருந்து பெரியதை நோக்கி நாம் எழுதிச் செல்கிறோம். தபால்துறை அதைக் கீழிருந்து மேலாகப் படிக்கிறது. முதலில் ஊர், பிறகு பேட்டை, பிறகு தெரு, கடைசியில் கதவு. ஊர் வேறு என்பதால் ஒரே பெயருள்ள இரண்டு பேட்டைகளும் ஒன்றையொன்று இடிப்பதில்லை.

இணையத்தில் ஒரு தளத்தின் பெயரும் இப்படித்தான் அமைந்திருக்கிறது. இடப்பக்கம் சிறியது, வலப்பக்கம் பெரியது, இடையில் புள்ளிகள். டொமைன் என்று வழங்கும் களப்பெயருக்கு முன்னால் ஒரு சொல்லும் ஒரு புள்ளியும் சேர்ந்தால் அது துணைக்களம். ஒரே மென்பொருளை ஒரே ஒருமுறை நிறுவிவிட்டு, இத்தகைய துணைக்களங்களின் வழியே பத்து வலைப்பதிவுகளையோ பத்து லட்சம் வலைப்பதிவுகளையோ நடத்தமுடியும். கணிப்பொறித் துறையினருக்கு இது சாதாரணச் செய்தி. இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இது ஏன் வேண்டும் என்று கேட்கலாம். 2003க்குப் பிறகு தமிழில் இணையத்தில் எழுதப்பட்டவற்றில் மிகப் பெரும்பகுதி இத்தகைய துணைக்களங்களில்தான் எழுதப்பட்டது. அவற்றுள் எது நிலைத்தது, எது அழிந்தது என்பதை எழுத்தின் தரம் தீர்மானிக்கவில்லை. பல நேரங்களில் முகவரியின் அமைப்பே தீர்மானித்தது. இதை நாங்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2016இல் எங்கள் ஐந்து வலைப்பதிவுகள் ஒரே நாளில் காணாமற்போனபோது தெரிந்துகொண்டோம். அந்தக் கதைக்கு வருவதற்கு முன் சற்றுப் பின்னே செல்லவேண்டும்.

1970களில் ஆர்ப்பாநெட் என்ற வலையமைப்பில் இணைந்திருந்த கணிப்பொறிகளின் பெயர்கள் யாவும் ஒரே ஒரு கோப்பில் எழுதப்பட்டிருந்தன. கலிபோர்னியாவில் உள்ள ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையம் அந்தக் கோப்பைப் பேணியது. எலிசபெத் ஃபெய்ன்லர் என்ற பெண்மணி அம்மையத்தின் தலைவர். புதிதாக ஒரு கணிப்பொறி வந்தால் அங்கே தெரிவித்துப் பெயரைச் சேர்க்கவேண்டும். மற்றவர்கள் அவ்வப்போது அந்தக் கோப்பைப் படியெடுத்துக்கொள்ளவேண்டும். கிராமத்துக் கணக்குப்பிள்ளையிடம் ஒரே ஒரு ஏடு இருந்ததைப் போன்ற ஏற்பாடு. சில நூறு கணிப்பொறிகள் இருந்தவரை ஏடு தாங்கியது. எண்ணிக்கை பெருகியபோது பெயர்கள் மோதின. ஏடும் நாளுக்கு நாள் தடித்தது.

1983இல் பால் மொக்காபெட்ரிஸ் என்பவர் இதற்கு மாற்றாகக் களப்பெயர் முறையை வடிவமைத்தார். 1987 நவம்பரில் அது திருத்தப்பட்டு, இன்றுவரை அடிப்படையாக விளங்கும் ஆவணங்களாக வெளிவந்தது. அவருடைய முறையின் உயிர்நாடி அதிகாரப் பகிர்வு. வேரில் இருப்பவர் எல்லாப் பெயர்களையும் அறிந்திருக்க வேண்டியதில்லை. அடுத்த கிளை யார் பொறுப்பில் இருக்கிறது என்பதை மட்டும் அறிந்தால் போதும். ஒரு பெயரைப் பெற்றவர் அதன்கீழ் எத்தனை பெயர்களை வேண்டுமானாலும், மேலே இருப்பவரிடம் கேட்காமலும் கூடுதல் பணம் கட்டாமலும் உண்டாக்கிக்கொள்ளலாம். அந்த ஆவணத்திலேயே நட்சத்திரக் குறிக்கும் இடம் தரப்பட்டிருந்தது. பெயரின் முன்னால் நட்சத்திரக் குறி இட்டு ஒரு வரி எழுதிவைத்தால், தனியாகப் பதியப்படாத எந்தப் பெயரைச் சொல்லி யார் வந்து கேட்டாலும் அந்த ஒரே வரி பதில் சொல்லும். ‘இன்னார் வீடு எது’ என்று யாரைக் கேட்டாலும் ஒரே வாசலைக் காட்டுகிற திண்ணைப் பெரியவரைப் போல.

பெயர் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிடும். வந்தவர் யாரைத் தேடி வந்தார் என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியவேண்டாமா? இணையத்தின் தொடக்க ஆண்டுகளில் அது தெரியாது. உலாவி வந்து கதவைத் தட்டும், பக்கத்தைக் கேட்கும், எந்தப் பெயரைச் சொல்லித் தேடி வந்தது என்பதைச் சொல்லாது. ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் தனி ஐபி எண் வேண்டியிருந்தது. அந்த எண்களோ மொத்தம் ஏறத்தாழ 430 கோடிதான். 1997இல் வெளியான ஹெச்டிடிபியின் அடுத்த பதிப்பு, வருகிறவர் தாம் தேடும் பெயரையும் சொல்லியாகவேண்டும் என்று விதித்தது. ஒற்றை வரி விதி அது. ஆனால் அந்த ஒற்றை வரியினால்தான் ஒரே வழங்கி, ஒரே எண்ணை வைத்துக்கொண்டு, ஆயிரம் பெயர்களுக்குப் பதில் சொல்ல முடிந்தது. இலவச வலைப்பதிவுச் சேவைகள் பெருகியதற்கு இந்த வரியும் ஒரு காரணம். வரலாற்றில் பெரிய மாறுதல்கள் பல இப்படி யாரும் கவனிக்காத ஒரு படிவத்தின் ஓரத்தில்தான் நிகழ்ந்திருக்கின்றன.

இந்த அடித்தளத்தின்மேல்தான் வலைப்பதிவுகள் எழுந்தன. 1999 ஆகஸ்டில் பைரா லாப்ஸ் என்ற சிறு நிறுவனம் பிளாக்கர் சேவையைத் தொடங்கியது. பிளாக்ஸ்பாட் என்ற ஒரே களப்பெயரின்கீழ் எழுதுகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு துணைக்களம் கிடைத்தது. 2003 பிப்ரவரியில் அந்நிறுவனத்தைக் கூகுள் வாங்கியது.

தமிழில் வலைப்பதிவுகள் தோன்றியதும் அதே ஆண்டை ஒட்டித்தான். அதற்குமுன் தமிழ்த் தளம் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. அதைத் தரவிறக்கி நிறுவினால்தான் படிக்கமுடியும். 1991இன் ஒருங்குறி முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது என்றாலும், அது சாதாரணக் கணிப்பொறிக்கு வந்துசேர விண்டோஸ் 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எழுத்துருத் தொல்லை குறைந்த அதே காலத்தில் இலவச முகவரியும் கிடைத்ததும், சிறுபத்திரிகைக்குக் கடிதம் எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் தாமே பதிப்பாளர்கள் ஆனார்கள். 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி, சிதறிக்கிடந்த இந்த வாசல்களை ஒரே பட்டியலில் காட்டியது. ‘இன்று யார் என்ன எழுதியிருக்கிறார்கள்’ என்று காலையில் திரட்டியைத் திறந்து பார்ப்பது அன்று பலருக்கும் செய்தித்தாள் படிப்பதைப் போன்ற வழக்கம்.

இந்தச் சேவைகளில் எல்லாம் ஒரு பொதுத்தன்மை உண்டு. வீடு அவர்களுடையது, அறை நம்முடையது. அறையின் கதவில் நம் பெயரை எழுதிக்கொள்ளலாம். வீட்டின் பெயரை மாற்ற முடியாது.

சொந்தமாக வீடு கட்ட விரும்பியவர்களுக்கான மென்பொருள் வேறொரு வழியில் வளர்ந்தது. 2001இல் மிஷேல் வால்ட்ரிகி என்பவர் ‘பி2’ என்ற வலைப்பதிவு மென்பொருளை எழுதினார். அது கைவிடப்பட்ட நிலையில், மேத்யூ முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர் அதை எடுத்து வளர்த்து, 2003 மே மாதம் வேர்ட்பிரஸ் என்ற பெயரில் வெளியிட்டனர். அதே பி2வை வேறு திசையில் வளர்த்தவர் அயர்லாந்தைச் சேர்ந்த டொனக்கா ஓ கீவ். ஒரு நிறுவலில் ஒருவர் மட்டும் எழுதுவதற்குப் பதிலாகப் பலரும் தத்தமது வலைப்பதிவை வைத்துக்கொள்ளும்படி அவர் அதை மாற்றினார். பின்னர் அம்முயற்சி வேர்ட்பிரஸோடு சேர்ந்து, பலபயனர் பதிப்பாக உருக்கொண்டது. 2005இல் திறக்கப்பட்ட வேர்ட்பிரஸ் டாட் காம் சேவை அதன்மீது எழுந்ததுதான். முதன்மை மென்பொருளும் பலபயனர் பதிப்பும் சில ஆண்டுகள் தனித்தனியே வளர்ந்து, 2010 ஜூன் 17 அன்று வெளியான வேர்ட்பிரஸ் 3.0இல் ஒன்றாயின.

அந்தத் தேதி எங்களுக்கு மறக்காமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. அடுத்த ஆறாம் நாள், ஜூன் 23 அன்று, கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கியது. அதனுடன் இணைந்து தமிழ் இணைய மாநாடும் நடைபெற்றது. தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று அறிவித்ததும் அந்த ஜூன் மாதத்தில்தான். திருப்பூரிலிருந்து பேருந்தில் ஒன்றரை மணி நேரம். கண்காட்சி அரங்குகளைச் சுற்றி வந்த களைப்போடு திரும்பும் வழியில், நண்பர்களாகிய நாங்கள் ஐவரும் ஒரு முடிவுக்கு வந்தோம். இனி இலவச அறைகள் வேண்டாம். சொந்தமாக ஒரு பெயர் வாங்குவது. அதன்கீழ் ஆளுக்கொரு வலைப்பதிவு நடத்துவது.

2011 பொங்கலை ஒட்டி அது நடந்தது. எங்களில் இருவர் கல்லூரி ஆசிரியர்கள், ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் கணக்கர். ஐந்தாமவர் ஒரு பனியன் கம்பெனியில் கணிப்பொறிகளைக் கவனித்துவந்தார். ராயபுரத்தில் ஒரு நூல் கடையின் மாடியறையில் அமர்ந்து அவர் எங்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கிய விதம் நினைவிருக்கிறது. “நம்ம ஊர்ல ஒரே கம்பெனி ஷெட்டுக்குள்ள எத்தனை லேபிளுக்குத் துணி தைக்கிறாங்க? ஜெனரேட்டர் ஒண்ணு, கட்டிங் டேபிள் ஒண்ணு, செக்கிங் ஒண்ணு. கழுத்துல வைக்கிற லேபிள் மட்டும் வேற. வாங்குறவனுக்கு லேபிள்தான் தெரியும், ஷெட்டு தெரியாது. இதுவும் அப்படித்தானுங்க சார்” என்றார். இதைவிடத் தெளிவான விளக்கத்தை நாங்கள் இன்றுவரை எங்கும் படித்ததில்லை.

அவர் செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். முறை இன்றும் ஏறத்தாழ அதேதான். முதலாவது, களப்பெயரின் பதிவேட்டில் நட்சத்திரக் குறியிட்ட அந்த ஒற்றை வரி. இரண்டாவது, எந்தத் துணைக்களத்தின் பெயரைச் சொல்லி வந்தாலும் ஒரே கோப்புறைக்கு அனுப்புமாறு வழங்கிக்கு ஓர் ஆணை. மூன்றாவது, வேர்ட்பிரஸின் அமைவுக் கோப்பில் பல தளங்களுக்கு அனுமதி தரும் ஒரு வரி. அதைச் சேர்த்ததும் கருவிகள் பட்டியலில் வலையமைப்பை உருவாக்கும் பக்கம் ஒன்று தோன்றும். துணைக்களங்களா, கோப்புறைகளா என்று அது கேட்கும். நிறுவி ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தால், பழைய இடுகைகளின் முகவரிகளோடு மோதக்கூடும் என்பதால், கோப்புறை வழியை அது தராது, துணைக்களம் மட்டுமே. தேர்ந்துகொண்டபின் அது தரும் சில வரிகளை இரண்டு கோப்புகளில் ஒட்டவேண்டும். அவ்வளவுதான்.

உள்ளே நடப்பது இன்னும் சுவையானது. தரவுத்தளத்தில் எழுதுவோரின் பெயர்களும் கடவுச்சொற்களும் உள்ள அட்டவணை எல்லாருக்கும் பொது. இடுகைகள், மறுமொழிகள், பகுப்புகள் ஆகியவற்றுக்கு மட்டும் ஒவ்வொரு வலைப்பதிவுக்கும் தனித்தனி அட்டவணைகள். இரண்டாம் வலைப்பதிவின் அட்டவணைப் பெயர்களில் 2 என்ற எண்ணும் மூன்றாவதில் 3 என்ற எண்ணும் இருக்கும். கூட்டுக்குடும்பத்தில் அடுப்பு ஒன்று, பெட்டிகள் வேறு என்பதைப் போல. வாசகர் ஒரு பெயரைச் சொல்லி வந்ததும், மென்பொருள் அந்தப் பெயருக்குரிய எண்ணைப் பார்த்து, அந்தப் பெட்டியைத் திறக்கிறது. வார்ப்புருவையும் செருகுநிரலையும் நிறுவும் உரிமை வலையமைப்பின் நிர்வாகிக்கு மட்டுமே. ஒருமுறை புதுப்பித்தால் ஐந்தும் புதுப்பிக்கப்படும். ஒரு செருகுநிரல் பழுதானால் ஐந்தும் முடங்கும்.

எங்கள் ஐந்தில் ஒன்று சிறுகதைகளுக்கு, ஒன்று நூல் மதிப்புரைகளுக்கு, ஒன்று மொழிபெயர்ப்புக்கு, ஒன்று மாணவர் எழுத்துக்கு. ஐந்தாவது பாட்டுக்கு. அதைப்பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் மாணவிகளில் பலர் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். அம்மாக்கள் பனியன் கம்பெனிகளில் கைமடிப்பவர்களாகவும் செக்கிங் பார்ப்பவர்களாகவும் இருப்பவர்கள். அந்த அம்மாக்களின் அம்மாக்கள் கொங்கு நாட்டுக் கிராமங்களிலிருந்தும் மதுரை, தேனிப் பக்கங்களிலிருந்தும் வந்தவர்கள். அவர்களிடம் கும்மிப் பாட்டும் தாலாட்டும் நடவுப் பாட்டும் இருந்தன. விடுமுறை நாட்களில் மாணவிகள் பாட்டியருகில் உட்கார்ந்து கேட்டு எழுதிவந்தார்கள். பாடியவர் ஊர், கற்ற இடம், பாடும் தருணம் என்று குறிப்புகளோடு நாற்பதுக்கு மேற்பட்ட பாட்டுகளை ஐந்தாம் வலைப்பதிவில் ஏற்றினோம். நாங்கள் அறிந்தவரை அவற்றுள் சில வேறெங்கும் அச்சேறாதவை.

களப்பெயரை வாங்கியவர் கணிப்பொறி நண்பர். பதிவில் அவர் கொடுத்திருந்தது கம்பெனி மின்னஞ்சல் முகவரி. 2015இல் அவர் வேலை மாறினார். அந்த மின்னஞ்சல் பெட்டி மூடப்பட்டது. புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவிப்புகள் யாவும் ஆளில்லாத பெட்டிக்குச் சென்றன. டாட் காம் பெயர் ஒன்று காலாவதியானால் உடனே கைவிட்டுப் போவதில்லை. புதுப்பிக்க 45 நாள் வரை தவணை கிடைக்கக்கூடும். அதன்பின் கூடுதல் தொகை கட்டி மீட்க 30 நாள். அதற்கும் பின் 5 நாள் கழித்தே பெயர் பொதுச்சந்தைக்கு வரும். நாங்களோ தேர்வுத்தாள் திருத்தும் பருவத்தில் இருந்தோம். தளம் திறக்கவில்லை என்று கண்டபோது வழங்கியில் ஏதோ கோளாறு என்று எண்ணிச் சும்மா இருந்துவிட்டோம். விழித்துக்கொண்டபோது பெயர் வேறு யாரோ வாங்கிய பெயராகிவிட்டது. அதில் வேற்றுமொழி விளம்பரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

ஒரு பெயர் போனதில் ஐந்தும் போயின. இதுதான் இந்த அமைப்பின் மறுபக்கம். ஐந்து பிளாக்ஸ்பாட் முகவரிகளாக இருந்திருந்தால் ஒருவர் அசட்டையால் ஒன்று மட்டுமே போயிருக்கும். நாங்கள் சொந்த வீடு கட்டினோம். ஆனால் பட்டாவை ஒருவர் பெயரில் எழுதி, அதை அவர் வேலை பார்த்த இடத்து மேசையில் வைத்துவிட்டோம். குற்றம் நண்பருடையது அன்று. ஐந்து ஆண்டுகளில் எங்களில் ஒருவர்கூட ‘பெயர் யார் பெயரில் இருக்கிறது’ என்று கேட்டதில்லை.

வழங்கியின் வாடகையையும் அதே மின்னஞ்சல் வழியே கட்டிவந்ததால் தரவுத்தளமும் நீக்கப்பட்டிருந்தது. மீட்க முடிந்தவை, இணைய ஆவணக் காப்பகம் அவ்வப்போது எடுத்துவைத்த படிகளில் இருந்தவையும், மாணவர் வலைப்பதிவின் ஏற்றுமதிக் கோப்பாக ஒருவரின் பென்டிரைவில் கிடந்ததும். பாட்டு வலைப்பதிவில் பாதிக்குமேல் கிடைக்கவில்லை. எழுதிவந்த நோட்டுகளைத் தேடி முன்னாள் மாணவிகளைக் கேட்டோம். சிலரிடம் இருந்தன. சிலர் திருமணமாகிப் போனபின் நோட்டுகள் பழைய தாளோடு எடைக்குப் போயிருந்தன. “பாட்டிகிட்டயே மறுபடி கேட்டு எழுதித் தர்றேங்க ஐயா” என்று ஒரு மாணவி சொன்னார். கேட்கப் போனபோது, அந்தப் பாட்டிக்கு மூன்று பாட்டில் ஒன்றுதான் நினைவிருந்தது. வேறு இருவர் காலமாகிவிட்டிருந்தனர்.

எங்கள் அனுபவம் சிறியது. அதன் பெரிய வடிவத்தைத் தமிழ் வலையுலகம் முழுவதுமே 2020இல் கண்டது. 2012இல் கூகுள், இந்தியாவிலிருந்து பிளாக்ஸ்பாட் தளங்களைத் திறப்பவர்களை டாட் காம் முகவரியிலிருந்து டாட் இன் முகவரிக்குத் திருப்பத் தொடங்கியது. ஒரு நாட்டில் நீக்கவேண்டிய உள்ளடக்கத்தை அந்த நாட்டில் மட்டும் நீக்குவதற்கான ஏற்பாடு அது. 2018இல் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. பிறகு 2020இல் அந்த டாட் இன் பெயர் புதுப்பிக்கப்படாமல் கூகுளின் கையைவிட்டே போய், வேறொருவர் கைக்குச் சென்றது. உலகின் மிகப்பெரிய இணைய நிறுவனங்களில் ஒன்றுக்கே இது நேர்ந்தது என்பதில் எங்களுக்குச் சிறிது ஆறுதலும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். வலைப்பதிவுகள் அழியவில்லை, டாட் காம் முகவரியில் அவை இருந்தன. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து படித்தவர்கள் முகவரிப் பட்டையிலிருந்து எடுத்து ஒட்டிய இணைப்புகள் டாட் இன் இணைப்புகள். கட்டுரைகளில், மறுமொழிகளில், விக்கிப்பீடியாவின் மேற்கோள்களில், எங்கள் மாணவர்களின் ஆய்வேட்டு அடிக்குறிப்புகளில் அவை இருந்தன. அச்சில் ஏறிவிட்ட அடிக்குறிப்பைத் திருத்த முடியாது. பத்தாண்டுகளுக்கு முந்திய ஆய்வேடு ஒன்றை எடுத்து அதன் இணைய மேற்கோள்களைத் தட்டிப் பார்க்கும் எவரும் நாங்கள் சொல்வதை உணர்வர்.

ஒரே நிறுவல், பல துணைக்களங்கள் என்ற அமைப்பு ஆபத்தானது என்பதா எங்கள் முடிவு? அன்று. அதே அமைப்பு தமிழுக்குக் கொடுத்திருக்கும் மிகப் பெரிய கொடையையும் எண்ணிப் பார்க்கவேண்டும். தமிழ் விக்கிப்பீடியா ஒரு துணைக்களம். விக்கிப்பீடியா என்ற பெயருக்கு முன்னால் தமிழைக் குறிக்கும் இரண்டெழுத்தும் ஒரு புள்ளியும், அவ்வளவுதான் அதன் முகவரி. ஆங்கிலத்துக்கு எந்த மென்பொருளோ அதே மென்பொருள்தான் தமிழுக்கும், முந்நூறுக்கு மேற்பட்ட பிற மொழிகளுக்கும். 2003இல் அந்த வாசல் திறந்தபோது அதைத் தாங்க ஒரு தனி நிறுவனமோ நிதியோ தமிழில் தேவைப்படவில்லை. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன் அமீரகத்தில் இருந்தபடி நூற்றுக்கணக்கில் கட்டுரைகளை எழுதி அந்த அறையை நிரப்பத் தொடங்கினார். 2017இல் கட்டுரைகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைக் கடந்தது. விக்சனரியும் விக்கிமூலமும் அவ்வாறே திறந்த அறைகள். எங்கள் ஐந்து வலைப்பதிவுகளில் பொதுவாக இருந்த பயனர் அட்டவணையைப் போன்ற ஒன்றை அவர்கள் எட்டுவதற்கு நாளாயிற்று. எல்லா விக்கிகளுக்கும் ஒரே பயனர் கணக்கு என்பது 2008இல் தொடங்கி 2015இல்தான் நிறைவுற்றது.

அங்கே வாடகைக்காரரான தமிழ் ஏன் பத்திரமாக இருக்கிறது? பெயர் ஒரு தனியாள் கையில் இல்லை. ஓர் அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. எழுதியவற்றை யாரும் படியெடுத்துக்கொள்ள உரிமம் உண்டு. முழுத் தரவும் அவ்வப்போது பொதுவில் வைக்கப்படுகிறது. நாளை அந்தப் பெயர் போனாலும் எழுத்து போகாது.

மதுரைத் திட்டத்தின் கதையும் இதையே சொல்கிறது. 1998 பொங்கல் நாளில் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய அத்திட்டம் முதலில் குடியிருந்தது தமிழ் டாட் நெட் என்ற பிறர் வீட்டின் ஒரு கோப்புறையில். பின்னர்தான் தன் பெயரிலேயே முகவரி பெற்றது. வீடு மாறியதில் நூல்கள் இழக்கப்படவில்லை. தலைப்பக்கக் குறிப்பை நீக்காமல் யாரும் நூலைப் பரப்பலாம் என்ற அனுமதியால், அதன் மின்னூல்கள் உலகெங்கும் பல கணிப்பொறிகளில் படிகளாகக் கிடந்தன.

யோசித்துப் பார்த்தால் இதில் புதுமை ஏதுமில்லை. 1887இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவருக்கு உதவியது, அந்நூலின் ஏடுகள் ஒரே மடத்தில் மட்டும் இல்லாமல் பல ஊர்களில் பல வீடுகளில் இருந்ததுதான். படியெடுத்தவர்கள் பிழையாகவும் எடுத்தார்கள், ஆனால் எடுத்தார்கள். ஒரே ஏட்டில் இருந்தவை போன வழி தெரியவில்லை. அச்சு வந்தபின் வேறொரு காவல் ஏற்பட்டது. 1867ஆம் ஆண்டின் சட்டம், அச்சிட்டவர் யார், எங்கே அச்சிட்டார், வெளியிட்டவர் யார் என்பதை ஒவ்வொரு நூலிலும் இதழிலும் பொறிக்கவேண்டும் என்றது. ஆட்சியாளர்கள் அதைக் கண்காணிப்புக்காகத்தான் செய்தார்கள். ஆயினும் இன்று பழைய சிறுபத்திரிகை ஒன்றைக் கையில் எடுக்கும் ஆய்வாளனுக்கு அந்தக் கடைசிப்பக்க வரி பெருந்துணை. ஒரே அச்சகத்தில் நான்கு இதழ்கள் அச்சானாலும், அச்சகம் மூடப்பட்டபின் இதழ்கள் நூலகங்களிலும் வாசகர் வீடுகளிலும் இருந்தன. கூரை வீழ்ந்தால் அறைகளும் வீழும் என்ற நிலை அச்சில் இருந்ததில்லை. இணையத்தில் மட்டும் அந்நிலை வந்தது. எழுத்தும் எழுத்தின் முகவரியும் அங்கே ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன.

2018இல் நாங்கள் மறுபடி தொடங்கினோம். இம்முறையும் ஒரே நிறுவல்தான், துணைக்களங்கள்தான். ஐந்துக்குப் பதில் மூன்று. அந்த ஆண்டு மார்ச்சில் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு நட்சத்திரக் குறியிட்ட பாதுகாப்புச் சான்றிதழை இலவசமாகத் தரத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு துணைக்களத்துக்கும் தனித்தனியே சான்றிதழ் வாங்கும் தொல்லை அதனால் தீர்ந்தது. களப்பெயரை நீண்ட தவணைக்குப் பதிந்தோம். பதிவில் மூவர் நுழையமுடியும். எந்த அலுவலக மின்னஞ்சலும் அதில் இல்லை. ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் மூன்று வலைப்பதிவுகளின் ஏற்றுமதிக் கோப்புகளையும் எடுத்து, மூன்று வீடுகளில் வைக்கிறோம். புதிய இடுகை ஒவ்வொன்றையும் இணைய ஆவணக் காப்பகத்தில் படியெடுக்கச் செய்கிறோம். ஒருவர் பிரிந்து செல்ல விரும்பினால் தம் வலைப்பதிவுக்குத் தனிப்பெயர் வாங்கி அதே நிறுவலில் பொருத்திக்கொள்ளவும் இயலும். 2016இல் வெளியான வேர்ட்பிரஸ் 4.5 முதல் அதற்குத் தனிச் செருகுநிரல் வேண்டியதில்லை. கூட்டுக்குடும்பத்திலிருந்து மனம் நோகாமல் பிரிந்துபோகும் வழி அது.

பாட்டு வலைப்பதிவில் இப்போது இருபத்தேழு பாட்டுகள் இருக்கின்றன. பழையவற்றில் மீண்டவை பதினெட்டு. மற்றவை புதிதாகக் கேட்டு எழுதியவை. அவற்றைத் தாளிலும் அச்சிட்டு, கட்டி, கல்லூரி நூலகத்தில் ஒரு படியும் பாடியவர்கள் வீடுகளில் ஒவ்வொரு படியும் கொடுத்திருக்கிறோம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி அந்தப் புத்தகத்தை வாங்கி, முதல் பக்கத்தில் தம் பெயரும் ஊரும் இருக்கும் இடத்தைப் பேத்தியைக் காட்டச் சொல்லி, அங்கே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டார். இலவசமாகக் கிடைத்த வாசல்களில் நின்று இருபது ஆண்டுகளாக எழுதிவரும் அன்பர்களிடம் நாங்கள் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். உங்கள் எழுத்தின் முகவரி யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே ஒருமுறை பாருங்கள். பார்த்துவிட்டு, ஒரு படி எடுத்து வீட்டில் வையுங்கள்.